ஓமப் புகையும் ஒரு ஜோடி லென்ஸும்

கண்ணாடி போட்டவனைப் பார்த்தால் ஊரில் எல்லோருக்கும் உடனே டாக்டர் ஆகிவிடத் தோன்றும். "பவர் எவ்ளோ?" என்று ஆரம்பிப்பார்கள். சொன்னால், "ஐயையோ, ஜாஸ்தியாச்சே" என்று நமக்கே தெரியாத சங்கதியைப் போல வருத்தப்படுவார்கள். சின்ன வயதில் கேரட் சாப்பிடவில்லையா, டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாயா, போடப் போடத்தானே பவர் ஏறும், கொஞ்ச நாள் போடாமல் இருந்து பார்த்தால் என்ன என்று விசாரணை நீளும். கடைசியில் நம் கண்ணாடியைத் தாங்களே கழற்றி வைத்துக்கொண்டு, தள்ளி நின்று விரலை நீட்டி, "இது எத்தன, சொல்லு பாப்போம்" என்பார்கள். எனக்கு மைனஸ் ஏழு. விரல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கொழுக்கட்டையாகத் தெரியும். (இரண்டு என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். மக்களுக்குக் கற்பனை குறைவு.)

அப்படிப்பட்ட நான், என் கல்யாணத்தன்று கண்ணாடி இல்லாமல் மணவறையில் உட்கார்ந்தேன். தாலி கட்டும் நேரத்தில் என் மனைவியின் முகம் எப்படி இருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. ஆல்பத்தில்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

எங்கள் வீடு சிதம்பரம். எனக்குக் குடிகாடு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. பெண் வீடு கடலூர் மஞ்சக்குப்பம். சுகந்தி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நிச்சயம் முடிந்து போனில் பேச ஆரம்பித்த நாட்களில் ஒருமுறை அவள் விளையாட்டாகச் சொன்னாள்: "அந்தக் கண்ணாடிக்குள்ள உங்க கண்ணு ரெண்டும் எங்கயோ தூரத்துல இருக்குதுங்க. ஒரு நாளு கண்ணாடி இல்லாம பாக்கணும்."

அவள் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை. என் கண்களை அவளுக்குக் கிட்டத்தில் காட்டியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். அதுவும் கல்யாண மேடையிலேயே, அவளுக்குத் தெரியாமல், திடீரென்று. இருபத்தொன்பது வயதுக்காரனுக்கு வரக்கூடிய யோசனைதானா இது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. போதாதற்கு போட்டோகிராபர் வேறு, "கண்ணாடியில லைட்டு அடிக்கும் சார், கண்ணே தெரியாது" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தார்.

கண்ணாடிக்குப் பதிலாகக் கண்ணுக்குள்ளேயே வைக்கும் கான்டாக்ட் லென்ஸ் வாங்கலாம் என்று என் அக்கா புருஷனிடம்தான் சொன்னேன். மாமாவுக்குச் சேத்தியாத்தோப்பில் உரக்கடை. எந்தக் காரியத்தையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார், முக்கால்வாசி செய்வார். "இதுக்கா மச்சான் மூஞ்சிய இப்புடி வச்சிருக்க, கெளம்பு" என்று பைக்கில் ஏற்றிக் கடலூருக்கு அழைத்துப் போனார். விஷயம் காதில் விழுந்து அம்மாவும் பஸ் பிடித்துப் பின்னாலேயே வந்துவிட்டார்.

கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதித்த பெண் பொறுமைசாலி. அம்மாவின் முதல் கேள்வியே, "ஏம்மா, அது கண்ணுக்குப் பின்னால போயி மூளையில ஒட்டிக்கிச்சின்னா?" என்பதுதான்.

"போவாதும்மா. இமைக்கு உள்பக்கம் மடிப்பு மாதிரி மூடியிருக்கு. அதத் தாண்டி பின்னால போவ வழியே இல்ல" என்றார் அவர்.

அம்மாவுக்குத் திருப்தி இல்லை. என் தலைக்குள் அவருக்குத் தெரியாத சந்துகள் இருப்பதாக அவருக்கு நெடுநாள் சந்தேகம்.

அந்தப் பெண் எனக்கு நிறைய சொல்லிக் கொடுத்தார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் லென்ஸைத் தொட வேண்டும். குழாய்த் தண்ணீர் படக்கூடாது, அதற்கென்று உள்ள திரவத்தில்தான் கழுவ வேண்டும். போட்டுக்கொண்டு தூங்கக்கூடாது. எரிந்தால் கசக்கக்கூடாது, உடனே கழற்றிவிட வேண்டும். எங்கே போனாலும் கண்ணாடி கையோடு இருக்க வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆனால் என் கவனமெல்லாம் எதிரே இருந்த நிலைக்கண்ணாடியில் இருந்தது. மூக்கின் மேல் பாரம் இல்லாமல் என் முகத்தை அத்தனை தெளிவாக நான் பார்த்ததே இல்லை. (சுமாராகத்தான் இருந்தது. ஆனாலும் புதுசு.)

கடைசியாக அவர், "பொக இருக்க எடத்துல போடாதீங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "அந்தக் கவலயே வாணாம்மா. எங்க மச்சான் சிகரெட்டத் தொட்டதே இல்ல. அந்த விஷயத்துல தங்கம்."

நான் தங்கமாகச் சிரித்தேன். அம்மாவும் பெருமையாகத் தலையை ஆட்டினார். ஓமம் வளர்த்துக் கல்யாணம் செய்யப்போகிற குடும்பத்தில் மூன்று பேர் அங்கே இருந்தோம். ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை வரவேற்பு பிரமாதமாக நடந்தது. சுகந்தி என்னைப் பார்த்ததும் கொஞ்சம் திகைத்து, பிறகு குனிந்து சிரித்தாள். "கண்ணாடி எங்க?" என்று உதட்டை அசைத்துக் கேட்டாள். நான் பெரிய ரகசியக்காரனைப் போலப் புருவத்தை மட்டும் உயர்த்தினேன். அப்போதே லென்ஸ் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

மறுநாள் காலை முகூர்த்தம். மழைக்காலம் வேறு. சிதம்பரம் கீழ வீதிப் பக்கத்து மண்டபத்தில் விறகும் சமித்தும் முதல் நாள் சாரலில் நனைந்து கிடந்தன. கண்ணாடிக் கூட்டை மாமாவிடம் கொடுத்து, "பக்கத்துலயே நில்லுங்க மாமா" என்றேன். "எங்க மச்சான் போவப் போறேன்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குமராட்சியிலிருந்து சொந்தக்காரர்கள் ஒரு மினிபஸ் நிறைய வந்து இறங்கியதும் அவர்களைப் பந்திக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினார். கண்ணாடியும் சாப்பிடப் போனது.

ஐயர் நெய்யை ஊற்றினார். ஈர விறகு நெருப்பைப் பிடிக்காமல் புகையை மட்டும் பிடித்துக்கொண்டது. அந்தப் புகை மண்டபத்தில் அத்தனை பேர் இருக்க, நேராக என்னிடம் வந்தது. சாதாரணக் கண்ணுக்கே எரிச்சல்தான். லென்ஸுக்கு அடியில் சிக்கிய புகைக்கு வெளியே போகும் உத்தேசமே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. நான் கசக்கினேன். கையில் நெய், மஞ்சள், குங்குமம், அட்சதை எல்லாம் இருந்தன. சோப்பு மட்டும் இல்லை. கசக்கிய வேகத்தில் வலது லென்ஸ் சுருண்டு கன்னத்தில் இறங்கி, மாலைக்குள் விழுந்து மறைந்தது. இடது லென்ஸ் ஓரமாக ஒதுங்கி அங்கிருந்து குத்தியது. உலகம் புகையும் கண்ணீருமாகக் கலங்கிவிட்டது. மூக்கும் சேர்ந்துகொள்ள, நான் விசும்பி விசும்பி அழுகிறவனாகவே ஆகிவிட்டேன்.

"ஐய, மாப்ள அழுவுறாரு" என்றது ஒரு பெண் குரல்.

"பொண்ணு அழுவும், பாத்துருக்கேன். மாப்ள ஏன் அழுவுறாரு?" என்றது இன்னொன்று.

யாரோ ஒரு நல்ல மனது, நான் மயங்கி விழப்போகிறேன் என்று நினைத்து, பன்னீர்ச் செம்பை எடுத்து என் முகத்தில் நன்றாகத் தெளித்தது. கடைக்காரப் பெண் குழாய்த் தண்ணீரைத்தான் சொல்லியிருந்தார். பன்னீர் வரைக்கும் அவரும் யோசித்திருக்க மாட்டார். நான் "ஆ" என்று அலறியது, நெஞ்சு வெடித்து வந்த சத்தம் மாதிரி இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

விஷயம் மேடையிலிருந்து இறங்கிப் பந்திக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் வளர்ந்துவிட்டது. பையனுக்கு ஆபீஸில் ஒரு பெண் இருந்ததாம், அம்மா விஷம் குடிப்பேன் என்று மிரட்டித்தான் உட்கார வைத்திருக்கிறாராம். (எங்கள் ஆபீஸில் இருந்த ஒரே பெண்மணிக்கு அடுத்த மாதம் ரிடையர்மென்ட்.) கொஞ்ச நேரத்தில் என் தோளில் ஒரு கை விழுந்தது. சுகந்தியின் அப்பா. அதிகம் பேசாத மனிதர், எனக்கு அவரிடம் பயம்தான்.

"தம்பி, எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க" என்றார் காதருகே குனிந்து. "நான் ஒண்ணும் தப்பா நெனச்சிக்க மாட்டேன். பொண்ண அழச்சிக்கிட்டுப் போயிடறேன்."

பதில் சொல்லலாம் என்றால் மேளம் காதைப் பிளந்தது. ஐயர் மந்திரத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லி விரலைச் சொடுக்கினார். அப்போது பக்கத்திலிருந்து, காதோரமாக, சுகந்தியின் குரல் கேட்டது. நடுங்காமல் பேச அவள் எத்தனை பாடுபட்டாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"என்னப் புடிக்கலன்னா சொல்லிடுங்க. எனக்காகப் பாக்காதீங்க."

அதைக் கேட்டதும் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. (ஏற்கனவே வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.) இந்தப் பெண்ணுக்குக் கண்ணைக் காட்ட ஆசைப்பட்டு, இவளையே இழக்கப் போகிறேனே என்று பதறிப்போய், இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

"எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்குங்க."

சரியாக அந்த நேரம் பார்த்து மேளம் நின்றது. ஐயரின் மைக் என் மார்புக்கு நேராக இருந்தது. விசும்பலும் மூக்குறிஞ்சலுமாக என் காதல் மண்டபம் முழுக்கவும், மாடியில் பந்தி நடந்த இடத்திலும், வாசலில் மாட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலும் ஒலித்தது. கீழ வீதியில் போனவர்களும் கேட்டிருப்பார்கள்.

"லென்ஸுங்க" என்றேன் அடுத்ததாக, அதுவும் மைக்கில். "கண்ணுல லென்ஸ் போட்டிருக்கேன். பொகயில எரியுது."

சிரிப்பு எங்கிருந்தோ ஆரம்பித்துப் பரவியது. சுகந்தியின் அப்பா என் தோளிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றார். "சிரிச்சது போறும், நாழியாறது, மாங்கல்யத்தை வாங்கிக்கோ" என்றார் ஐயர்.

வாங்கினேன். கெட்டிமேளம் முழங்கியது. எதிரே மஞ்சளும் சிவப்புமாக ஏதோ தெரிந்தது, அதன் கழுத்து எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுக் கையைக் கொண்டுபோனேன். விரலுக்குப் பூ அகப்பட்டது, கயிறு அகப்பட்டது, மெத்தென்று இன்னும் ஏதோ அகப்பட்டது. எல்லாவற்றையும் சேர்த்து, விட்டால் போய்விடுவாளோ என்ற பயத்தில், இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

சுகந்தி "அம்மா" என்று முனகினாள். மிச்ச முடிச்சுகளைப் போடப் பின்னால் நின்ற அக்கா என் காதில் பல்லைக் கடித்தாள். "டேய், முடியோட சேத்துக் கட்டிட்டடா."

தாலிக் கயிற்றை அவிழ்க்க முடியுமா? ஐயர் இருக்கட்டும் என்றுவிட்டார். தலையைத் திருப்பும்போதெல்லாம் முடி இழுத்து இழுத்து, சுகந்தியின் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. கீழே உட்கார்ந்திருந்த என் பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, ரெண்டும் அழுவுது. சமமாப் போச்சி" என்று அட்சதையைப் போட்டார்.

அப்புறம்தான் மாமா கையில் ரசம் சொட்டச் சொட்ட ஓடி வந்து கண்ணாடியை என் மூக்கில் மாட்டினார். ஒரு கண்ணில், அதற்குள் நடுவுக்கு வந்துவிட்ட லென்ஸ் மேல் கண்ணாடி, இன்னொன்றில் வெறும் கண்ணாடி. ஒரு கண்ணில் எல்லாம் கலங்கல். மற்றதில் சுகந்தி தெளிவாகத் தெரிந்தாள், என்னை முறைத்துக்கொண்டு. மனைவியாக அவளை நான் பார்த்த முதல் பார்வை அதுதான். மேடையை விட்டு இறங்கியதும் அறையில் அக்கா கத்தரிக்கோலை எடுத்து, கயிற்றைத் தொடாமல் முடியை மட்டும் வெட்டி அவளை விடுவித்தாள். நான் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு மிச்சமிருந்த லென்ஸை எடுத்தேன். சுகந்தி கிட்டே வந்து, பழுத்த தக்காளி போல இருந்த என் கண்களை உற்றுப் பார்த்தாள். "பாத்துட்டேன். போதும். கண்ணாடியப் போட்டுக்குங்க" என்றாள்.

மறுவீட்டுக்குக் கடலூர் போனவன் மாமியார் வீட்டுக்கு முன்னால் கண் டாக்டர் வீட்டுக்குத்தான் போனேன். கருவிழியில் சின்னக் கீறல். சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்தார். விருந்து முழுக்க அந்தக் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து நான் வடை தின்ற போட்டோக்கள் தனியாக இருக்கின்றன. கண் ஆறிவிட்டது. லென்ஸ் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சொன்னபடி கேட்கிறவர்களுக்கு அது நல்ல சாமான்தான்.

ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த ஆல்பம் வெளியே வந்துவிடுகிறது. போட்டோகிராபர் கலைஞர். எல்லோரையும் விட்டுவிட்டு என் கண்ணீரை மட்டும் பல கோணங்களில் எடுத்திருக்கிறார். சுகந்தி பக்கம் பக்கமாகப் புரட்டி டீச்சர் குரலில் விளக்குவாள். போன வாரம் அவள் அப்பா கடலூரிலிருந்து வந்திருந்தார். கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணுக்கு ஆல்பம் காட்டப்பட்டது.

"இவுரு பொகயில அழுதாரு. நான் முடி இழுத்து அழுதேன்" என்றாள் சுகந்தி. "எங்க கல்யாணத்துல நெசமா அழுதது எங்கப்பா ஒருத்தருதான். ஓரமா தூணுக்குப் பின்னால நின்னு அழுதாரு. நான் பாத்தேன். அது மட்டுந்தான் ஒரு போட்டோவுலயும் இல்ல."

மாமனார் பேப்பரை இறக்கவில்லை. அதற்குப் பின்னாலிருந்தே சொன்னார்:

"எனக்கும் பொகதான்."