உள்ளறையில் ஒரு மூச்சு

பொய் சொல்வதென்று தீர்மானித்துவிட்டேன். ஒன்றல்ல, இருபது பொய்.

எடை பார்க்கும் மெஷின் நூற்றுப் பன்னிரண்டு கிலோ என்று என்னைக் காட்டிக்கொடுத்ததும், டாக்டர் ஒரு தாளை நீட்டியிருந்தார். உடம்பின் எடையால் என் வாழ்க்கைக்கு என்னென்ன கஷ்டம் என்று இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நாலு வரை போட வேண்டும். மொத்தம் நாற்பதைத் தாண்டினால் பத்தியம், தினம் ஒரு மணி நேர நடை. தாண்டாவிட்டால் நான் சுதந்திர மனிதன்.

"நிதானமா எழுதுங்க. பக்கத்து வீட்டுல பிரார்த்தனை, போயிட்டு வந்துடறேன்" என்று பென்சிலைச் சீவிக் கொடுத்துவிட்டு மனைவி போனாள்.

படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? பூஜ்யம். குனிந்து ஷூ நாடா கட்டச் சிரமமா? பூஜ்யம். நாற்காலி முனகியது. அதனிடம் யாரும் கேட்கவில்லை.

இருபதாவது கேள்வி: தூக்கம் கெடுகிறதா? பூஜ்யம். பென்சிலைக் கீழே வைத்தேன்.

உள்ளறையில் யாரோ மூச்சு விட்டார்கள்.

மழை மூட்டத்தில் வீடு இருண்டு கிடந்தது. என்னைத் தவிர ஆள் கிடையாது. மரக்கட்டையைத் தரையில் இழுப்பதுபோல் 'கர்ர்ர்...' என்று ஒரு சத்தம். யாருடைய தொண்டையோ அடைபட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. ஐந்து எண்ணினேன். பத்து எண்ணினேன். சத்தமே தேவலை போலிருந்தது. தண்ணீருக்குள் அமுக்கி வைத்த தலை மேலே வந்ததுபோல், 'ஹாஆ!'

ஓடினேன். வாசலில் மனைவிமேல் மோதினேன்.

"உள்ள யாரோ சாகறாங்கடி!"

"ஆமாங்க. தினமும்தான் சாகறாங்க."

கையைப் பிடித்து அழைத்துப் போனாள். என் தலையணைக்கடியில் அவளுடைய போன்.

"நீங்க தூங்கறப்போ பதிவு பண்ணது. நம்ம மூத்த பொண்ணுதான் ரிங்டோனா மாத்திக் கொடுத்தா. நீங்க பென்சிலை வெச்சதை ஜன்னல்ல பார்த்துட்டு, பக்கத்து வீட்டு போன்லேர்ந்து கூப்பிட்டேன்."

"இது... நானா?"

"நடுவுல நின்னு போகுதே, அப்போ எழுந்து உட்கார்ந்து சாமியக் கூப்பிடுவேன். மறுபடி மூச்சு வர வரைக்கும்."

"எழுப்பியிருக்கலாமே?"

"எழுப்பினா, 'நான் தூங்கவே இல்ல'ம்பீங்க."

மேஜைக்குத் திரும்பினேன். ரப்பரை எடுத்துப் பூஜ்யங்களை அழிக்க ஆரம்பித்தேன்.

"சிரமப்படாதீங்க. அது ஜெராக்ஸ். அசலைப் பேனாவால எழுதி நேத்தே டாக்டர்கிட்ட கொடுத்துட்டேன். எழுபத்தாறு."

வாசலில் என் அளவுக்குப் புது ஷூ காத்திருந்தது. நான் குனிய வேண்டாமென்று நாடாவையும் அவளே கட்டி வைத்திருந்தாள்.