சாலமாண்டர் முதுகில் இருந்த தூள்

செப்டம்பர், திங்கட்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் கோர்னெல் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஜெல்மீராவின் கணவன் வெண்டெலீன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் மூட்டுவலி குறைந்து, முயல்கள் பெருகி, வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நான் சுகமாக இல்லை.

ஜெல்மீரா உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். வரும் வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் ஊர்வலம். பத்தொன்பது வருடமாக இடையன் வேஷம் கட்டி, மரத்தில் செய்த சாலமாண்டர் பல்லியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பவன் நான். என் இடது கண்ணுக்குப் பாதி உலகம்தான் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இடது பக்கம் லாந்தரோடு நடந்து வந்து, "கல்லு இருக்கு, காலைத் தூக்கு" என்று சொல்பவள் அவள். அவள் இல்லாமல் நான் தூக்க மாட்டேன். ஆகவே அவளை வியாழக்கிழமைக்குள் பஸ் ஏற்றி அனுப்பும்படி கேட்டுக்கொள்ளவே இக்கடிதம். நடந்ததில் என் தப்பு எதுவும் இல்லை என்பதை நீங்களே படித்து முடிவு செய்யலாம்.

நீங்கள் சமவெளிக்காரர்கள். எங்கள் கதை உங்களுக்கு விளையாட்டு. ஒரு இடையன் மலையில் இரண்டு சாலமாண்டர்களைப் பார்த்தான், ஒன்றின் முதுகில் பொன் தூள், மற்றதன் முதுகில் வெள்ளித் தூள், அவை நுழைந்த கல்லைப் புரட்டினான், கீழே தாது, அப்படித்தான் எங்கள் ஊரே உண்டானது. ஜெல்மீரா இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு நாற்பத்தொரு வருடம் ஆகியும் இதைக் கேட்டால் சிரிப்பாள். இங்கே குடித்துவிட்டுத் தெருவை அளந்து வருகிறவனைச் 'சாலமாண்டர் போறான்' என்போம். அதை மட்டும் உடனே கற்றுக்கொண்டு, என்னைப் பார்த்தே உபயோகிக்கிறாள்.

இந்த வருடம் மரச் சாலமாண்டருக்குச் சாயம் போய்விட்டது என்று விழாக் குழுவினர் அதை என்னிடம் கொடுத்து, கூடவே ஒரு டப்பா பொன்னிறத் தூளும் கொடுத்தார்கள். நிலவறையில் வைத்துப் பூசினேன், பிரஷைக் கழுவினேன், டப்பாவை என் கையாலேயே இறுக மூடினேன். இதைக் கவனத்தில் வையுங்கள், பின்னால் வரும். எங்கள் நிலவறைக்கு மழை பெய்தால் நிஜச் சாலமாண்டர் ஒன்று வரும். கறுப்பு உடம்பு, மஞ்சள் திட்டு, அவசரமே இல்லாத நடை. ஜெல்மீரா அதற்குப் 'பெரியவர்' என்று பேர் வைத்திருக்கிறாள். நெருப்பில் போட்டாலும் வேகாத பிராணி என்று எழுதியிருக்கிறார்களே, பொய். ஒரு தடவை விறகோடு விறகாக அடுப்புக்குப் போனவர், சூடு பட்டதும் பாய்ந்த பாய்ச்சலை நான் பார்த்தேன். கரண்டியால் ஏந்தி வெளியே விட்டவள் உங்கள் தங்கைதான். அந்தப் பெரியவர் போன மாதம் ஒரு மழை நாள் காலையில் படியில் உட்கார்ந்திருந்தார், முதுகெல்லாம் பொன் தூள்!

நான் என்ன செய்வேன், கோர்னெல்? பத்தொன்பது வருடம் இடையனாக நடந்தவன் முன்னால் இப்படி வந்து உட்கார்ந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மெதுவாகப் போய், ஜெல்மீராவின் வெள்ளரி ஊறுகாய் அலமாரிக்குப் பக்கத்தில் சுவரடிக் கல்லுக்குக் கீழே நுழைந்தார். டப்பாவைப் பார்த்தேன், மூடி மூடியபடியே இருந்தது. பிறகென்ன சந்தேகம்? ஈரம் இறங்குகிறது, சரி பண்ணுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கடப்பாரையோடு இறங்கினேன். அவள் ரொட்டியும் கொழுப்பும் வெங்காயமும் கொண்டுவந்து கொடுத்து, "ஈரம் போயிடுச்சா, வெண்டோ? நல்லா ஆழமா பாரு, அடியிலதான் இருக்கும்" என்பாள். முகத்தில் ஒரு சிரிப்பு. இந்த வயசிலும் நம் மேல் இவ்வளவு பிரியமா என்று நான் உருகிப்போனேன்.

மூன்றாம் நாள் சுவர் விழுந்தது. அந்தப் பக்கம் தாது இல்லை, கெய்சா இருந்தான். பேரி மரக் கிளை விவகாரத்தில் ஒன்பது வருடமாக என்னோடு பேசாத பக்கத்து வீட்டுக் கெய்சா, தன் நிலவறையில் பீப்பாயிலிருந்து பிளம் சாராயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவன், அப்படியே திரும்பிப் பார்த்தான்.

"யோவ், வாசக்கதவு எதுக்குய்யா இருக்கு?" என்றான்.

அதே நேரம் இந்தப் பக்கம் அலமாரி சாய்ந்து, அறுபத்திரண்டு புட்டி வெள்ளரி ஊறுகாயும் உடைந்து, வினிகர் ஓட்டை வழியாக அவன் செருப்பை நனைத்தது.

"இது என்ன, உன் பொன் சுரங்கத்துத் தண்ணியா? வெந்தயம் மணக்குதே!"

"நான் பொன்னு தேடறேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"இந்த ஊர்ல நிலவறையைத் தோண்டறவன் வேற எதைத்தான் தேடுவான்?"

சத்தம் கேட்டு ஜெல்மீரா ஓடி வந்தாள். ஓட்டையைப் பார்த்தாள், புட்டிகளைப் பார்த்தாள், கெய்சாவைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. ஏப்ரனால் வாயை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். "ஆகஸ்ட் பூரா நின்னு போட்ட ஊறுகாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்று மத்தியான பஸ்ஸில் உங்கள் ஊருக்குப் புறப்பட்டுவிட்டாள். கெய்சா சாராயக்கடையில் போய், இடையன் வெள்ளரிச் சுரங்கம் கண்டுபிடித்தான் என்று சொல்லிவைக்க, இப்போது ரொட்டிக்கடையில்கூட எனக்கு வெந்தயம் வேண்டுமா என்று கேட்கிறார்கள். அது பெரிதில்லை. வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. காலை எதில் இடித்துக்கொள்வேன் என்று சொல்ல ஆளில்லாமல் எல்லாவற்றிலும் இடித்துக்கொள்கிறேன். அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை, கோர்னெல்.

நாளைக்கே சுவரைக் கட்டிவிடுகிறேன். ஊறுகாய்க்கு நான் வருந்துகிறேன், ஆனால் யார் தூண்டிவிட்டது என்று பார்த்தால் குற்றம் அந்தப் பிராணியுடையது. உங்கள் மனைவிக்கு என் மரியாதை, முயல்களுக்கு என் அன்பு. உங்கள் வீட்டுச் சுவர்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்க ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்கு,
குற்றமற்ற
வெண்டெலீன்

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். உறையில் போடும் முன், அவள் விட்டுப் போன ஏப்ரனைத் துவைக்க எடுத்தேன். பையில், பன்னுக்கு முட்டை பூசும் சின்ன பிரஷ். முனையெல்லாம் பொன் தூள். நிலவறைப் படியில் உட்கார்ந்து, ஓட்டை வழியாகக் கெய்சா எட்டிப் பார்க்கும்வரை சிரித்தேன். தோள் குலுங்கியது அழுகையால் அல்ல. சுவர் விழுந்த பிறகு சொல்லப் பயந்துபோய்த்தான் ஓடியிருக்கிறாள். சுவரும் கட்டப்போவதில்லை, நானும் கெய்சாவும் அங்கே கதவு வைப்பதாகப் பேசி முடித்துவிட்டோம். அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். இதை மட்டும் சொல்லுங்கள்: நேற்று மழை, பெரியவர் வந்திருந்தார், முதுகு வெறுமையாக இருந்தது. டப்பா இருக்கிறது, பிரஷைக் கழுவி வைத்திருக்கிறேன், பூசி விடத்தான் ஆள் இல்லை.