தாடைக்கட்டும் தேசிக்காயும்

நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி எனக்கு இருக்கிறது என்றார்கள். நான் நம்பவில்லை. மூச்சு நிற்கும் நேரத்தில் நான் உறங்கிக்கொண்டிருப்பதால் எண்ணிப் பார்க்க வழியில்லை. எண்ணிப் பார்க்காத எதையும் நம்புகிற ஆள் நானில்லை.

மருத்துவமனைத் தாதி மூன்று வழி சொன்னார்: மூக்கில் மாட்டும் காற்று இயந்திரம், கீழ்த்தாடையை முன்தள்ளும் பல் அச்சு, மல்லாந்து படுக்காமல் இருப்பது. ஒன்று போதாவிட்டால் இன்னொன்றைச் சேர்க்கலாமாம். எதை எதோடு, எப்போது என்பதையும் தெளிவாகத்தான் சொன்னார். விம்பிள்டனில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எனக்கு எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது.

அந்த வாரம் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய் தகப்பன் பாரிசிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்குவதாக இருந்தது. எங்களுக்கு இரண்டு அறை (கூடத்தையும் எண்ணினால் மூன்று). ஆகவே சம்பந்தியும் நானும் ஒரே அறையில்.

"இஞ்சேருங்கோ, உங்கட குறட்டையைக் கேட்டா மனுசன் அடுத்த ரயிலிலேயே திரும்பிப் போயிடும். கலியாணமும் அதோட போச்சு" என்றாள் மனைவி.

அவர்கள் வருகிற அன்று மதியம் ஒத்திகை பார்த்தேன். இயந்திரம் ஒன்று. பல் அச்சு இரண்டு. மல்லாக்கப் புரளாமலிருக்க பெனியனின் முதுகில் பந்து தைக்க வேண்டும் (டென்னிசுக்குப் பேர்போன ஊரில் பந்தில்லாத ஒரே வீடு எங்களுடையது). பந்துக்குப் பதில் மனைவி ஒரு தேசிக்காயை, அதாவது எலுமிச்சங்காயை, வைத்துத் தைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். அது மூன்று. வாய் திறந்து காற்று போகாமலிருக்க ஒரு பட்டியும் உண்டென்று தாதி சொன்ன ஞாபகம். வெள்ளை வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்துத் தாடையிலிருந்து உச்சிவரை இறுக்கிக் கட்டினேன். நான்கு.

எங்கள் ஆட்களில் யாருக்கு அப்படிக் கட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. எத்தனை செத்தவீடு பார்த்தவன் நான். கட்டும்போது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

உறக்கத்தில் இயந்திரத்தை நானே கழற்றி எறிந்திருக்கிறேன். தேசிக்காயை நசுக்கிக்கொண்டு மல்லாந்தும் விட்டேன். அந்த நேரம் பார்த்துக் குறட்டையும் இல்லையாம், மூச்சும் இல்லையாம்.

விழித்தபோது கட்டிலருகே சம்பந்தி கைகட்டி நின்றார். முன்கூட்டியே வந்துவிட்டார்களாம். "அப்பா உள்ளுக்கு" என்று காட்டிவிட்டு மகள் தேத்தண்ணி போடப் போயிருந்தாள். சம்பந்தியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"நல்ல மனுசன். பிள்ளைக்கு இன்னும் தெரியாது போல."

"இனிக் கலியாணத்தை ஒரு வருசம் தள்ள வேணுமெல்லோ" என்றார் சம்பந்தி.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து, கட்டை அவிழ்த்து, பல் அச்சையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஆர் செத்தது?"

சம்பந்தியம்மா சுவரோடு ஒட்டிவிட்டார். சம்பந்தி கட்டிய கையை அவிழ்க்காமலே சொன்னார்.

"நீங்கள்தான், அண்ணை."

மறுநாள் காலை பயந்து பயந்து விசாரித்தேன், குறட்டை இடைஞ்சலாக இருந்ததா என்று.

"கேட்டுது அண்ணை. அது கேட்டபடியாத்தான் நான் நிம்மதியா நித்திரை கொண்டன்."

கலியாணம் குறித்த நாளில் நடந்தது. தாதி என் நான்கைப் பிரித்து, இயந்திரத்தையும் பல் அச்சையும் மட்டும் சேர்த்துத் தந்திருக்கிறார். இரண்டில் எது வேலை செய்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் சோபாவில் நான் சற்றே கண்ணை மூடினால் போதும், மருமகன் குனிந்து கேட்பான்: "மாமா, ஆர் செத்தது?"

வீட்டில் இருப்பவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒருத்தரும் இல்லை" என்பேன்.