உகந்தது சார் தண்ணீர் வளர்த்த கதை

நீர் மேலாண்மையின் நெடிய வரலாற்றை என்றைக்காவது யாராவது பொன்னெழுத்தில் பொறிக்க நேர்ந்தால், ஆறுகளுக்கு ஒரு பக்கம், அணைகளுக்கு ஒரு பக்கம் போக, மிச்சப் பக்கங்கள் எல்லாவற்றையும் ஓர் இரண்டாம் மாடி வீட்டுக் கூடத்தில் நின்ற நான்கடிக் கண்ணாடித் தொட்டிக்கே ஒதுக்கியாக வேண்டும். அதை நிறுவியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. நகரக் குடிநீர் வாரியத்தின் தர உறுதி அலுவலர். பத்தொன்பது ஆண்டுகளாக ஊர்க் குழாய்களில் வரும் ஒவ்வொரு சொட்டுக்கும் 'உகந்தது' என்று சான்றளித்து வருபவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் உகந்தது சார்.

அவருடைய ஆய்வு முறை எளிமையானது. காலையில் பதினோரு பகுதிகளிலிருந்து பதினோரு பாட்டில்கள் வந்து மேசையில் வரிசை கட்டும். ஒவ்வொன்றாகத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். பாட்டிலுக்கு அந்தப் பக்கம் மரம் தெரிந்தால் தண்ணீர் தெளிவு. தெரியாவிட்டால் பாட்டில் அழுக்கு. படிவத்தில் அளவுகள் எல்லாம் முன்கூட்டியே அச்சடித்திருக்கும். தேதிக்கு மட்டும்தான் இடம் காலி. ஆய்வுக் கருவி என்று ஒன்றும் உண்டு. தூசி படிந்துவிடக் கூடாதே என்று, வாங்கிய நாளிலிருந்து யாரும் அதன் உறையைக் கழற்றவில்லை.

"கருவி எதுக்குய்யா? கண்ணு இருக்கு, அனுபவம் இருக்கு" என்பார் எழுத்தரிடம்.

"கையெழுத்தும் இருக்கு சார்" என்பார் எழுத்தர்.

இப்பேர்ப்பட்ட கடமை வீரருக்கு ரத்தக் கொதிப்பு வந்ததில் வியப்பில்லை. "வீட்டுல ஒரு மீன் தொட்டி வைங்க, பாத்துட்டே இருந்தா தானா இறங்கும்" என்றார் மருத்துவர். உகந்தது சார் எதையும் அரைகுறையாகச் செய்யாதவர், அலுவலகம் நீங்கலாக. பிளாஸ்டிக் செடி நட்டு, நாலு மீனை விட்டு, அத்தோடு மறந்துவிடுகிற தொட்டி அவருக்கு ஒத்துவருமா? உயிருள்ள நீர்ச்செடித் தொட்டியே வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினார். கறுப்பு மண் பரப்பினார். வேர்க்கட்டையில் பாசியை நூல் சுற்றிக் கட்டினார். நீண்ட இடுக்கியால் ஒவ்வொரு நாற்றாக நட்டார். செடிகள் செழிக்கக் கரியமில வாயுவுக்குச் சின்ன சிலிண்டர் வைத்து, நொடிக்கு ஒரு குமிழி வருகிறதா என்று கடிகாரத்தோடு உட்கார்ந்து எண்ணினார்.

தொட்டிக் கடைக்காரர் அவருக்கு ஞான உபதேசம் செய்தார். "சார், சும்மா மீன் வாங்குறவன் மீன் வளக்குறான். விஷயம் தெரிஞ்சவன் தண்ணி வளக்குறான்."

"தண்ணியப் பத்தி எனக்கேவா?"

"அப்ப சோதிச்சுப் பாக்கத் தெரியும்ல?"

உகந்தது சார் கடையைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டார். தெரிந்த முகம் எதுவும் இல்லை. "எதுக்கும் ஒரு தடவ ஞாபகப்படுத்துங்க" என்றார் மெதுவாக.

அன்றைக்குத்தான் அவர் வாழ்க்கையில் தண்ணீர் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. குழாயில் கோடு வரை தண்ணீர், அதில் எட்டுச் சொட்டு மருந்து, குலுக்கி ஐந்து நிமிடம் காத்திருப்பு, பிறகு வண்ண அட்டையோடு ஒப்பீடு. மஞ்சள் என்றால் மகிழ்ச்சி. பச்சை என்றால் அமோனியா, அதாவது விஷம். மண்ணில் நல்ல நுண்ணுயிர்கள் குடியேறி அந்த விஷத்தைத் தின்று தீர்க்கும் வரை தொட்டிக்குள் ஒரு ஜீவனையும் விடக் கூடாது. ஆறு வாரம், காலையும் மாலையும், அவர் சோதித்தார். அதற்கென்று தனிப் பதிவேடு போட்டார். எதையும் அச்சடித்து வைக்காமல் ஒவ்வொரு எண்ணையும் கையால் எழுதினார். அவருக்குள் இப்படி ஒரு விஞ்ஞானி இத்தனை காலம் தூங்கியது அவருக்கே தெரியாது.

அந்த ஆறு வாரத்தில் ஒருநாள் மனைவி தொட்டிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அந்தக் கட்டடத்தின் பதினாறு வீட்டுக்கும் சேர்த்து அவள்தான் சங்கச் செயலாளர்.

"என்னங்க, குழாய்த் தண்ணி நாறுது. பாப்பாவுக்கு இந்த மாசத்துல மூணாவது தடவையா வயித்துப்போக்கு. கீழ் வீட்டுப் பெரியவர ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க."

"இதெல்லாம் வாய்மொழியாச் சொல்லக் கூடாது. எழுத்து மூலமா வாரியத்துக்கு அனுப்பு."

"வாரியம்னா நீங்கதானே? இதோ எதிர்லயே உக்காந்திருக்கீங்க!"

"இங்க உக்காந்திருக்கிறது உன் புருஷன். வாரியம் பத்து மணிக்குத்தான் திறக்கும்."

அவள் மனு அனுப்பினாள். பதினோராம் நாள் பதிவுத் தபாலில் பதில் வந்தது. வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கியவரும் அவர்தான். உறையைக் கிழித்து, 'தங்கள் பகுதி நீர் உரிய முறையில் ஆய்வு செய்யப்பட்டது. உகந்தது' என்று உரக்கப் படித்தார். "பாத்தியா, எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க!" என்று மெச்சவும் செய்தார்.

மனைவிக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு பாப்பாவுக்கு உப்பும் சர்க்கரையும் கரைக்கப் போனாள்.

ஆறு வாரம் முடிந்தது. மஞ்சளோ மஞ்சள். பன்னிரண்டு சிவப்பு இறால் குஞ்சுகள் உரிய மரியாதையோடு தொட்டிக்குள் குடிபுகுந்தன. முதல் ஞாயிறு, விதிப்படி கால் பங்கு பழைய தண்ணீரை இறக்கிவிட்டு, குழாயிலிருந்து புதுத் தண்ணீர் பிடித்து, குளோரின் முறிக்கும் மருந்தும் கலந்து ஊற்றினார். திங்கள் காலையில் ஏழு இறால்கள் மல்லாந்து கிடந்தன.

ஓடிப்போய்க் குழாய்த் தண்ணீரைச் சோதித்தார். கிளிப் பச்சை. மருந்து கெட்டுப்போச்சு என்று வேறு வாங்கி வந்து சோதித்தார். அதைவிடக் கரும்பச்சை. சாக்கடை எங்கேயோ குழாயோடு கைகோத்திருந்தது.

"அயோக்கியப் பசங்க! எவன்யா இந்தத் தண்ணிய ஊருக்கு விட்டது?" என்று வீடே அதிரக் கத்தினார்.

"நீங்கதாங்க" என்றாள் மனைவி.

நெருக்கடியில்தான் நிர்வாகியின் திறமை தெரியும். அன்று மாலைக்குள் வீட்டுக்கு ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் வந்து இறங்கியது. அதன் குழாய் நேராகத் தொட்டிக்குப் போனது. மனைவி ஒரு குடத்தோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"மணிக்கு நாலு லிட்டர்தான் வருது. தொட்டிக்கே பத்தாது" என்றார் அவர்.

"அப்ப நாங்க?"

"உங்களுக்கு என்ன குறை? உங்களுக்குத்தான் சான்றிதழ் இருக்கே."

பாப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்து, மிச்சமிருந்த ஐந்து இறால்களையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்பா, நான் இதுக்குள்ள வந்து இருந்துக்கவா?" என்று கேட்டாள்.

"செடி மிதிபட்டுடும் கண்ணு" என்றார் அப்பா பரிவோடு.

மனைவி குடத்தைக் கீழே வைத்தாள். பதினாறு வீட்டிலும் கையெழுத்து வாங்கி, வாரியத்தைத் தாண்டி மேலிடத்துக்கே மனு போட்டாள். மேலிடம் துடித்தெழுந்தது. தலைமைப் பொறியாளரே நேரில் வந்து, செயலாளர் வீட்டில், பொதுமக்கள் முன்னிலையில், அந்தத் தண்ணீரைத் தாமும் தர உறுதி அலுவலரும் பருகிக் காட்டுவார்கள் என்றும், அத்துடன் மனு முடித்து வைக்கப்படும் என்றும் ஆணை வந்தது.

சனிக்கிழமை காலை கூடம் நிரம்பி வழிந்தது. பெரியவரின் மருமகள் மருத்துவமனைச் சீட்டோடு முன்வரிசையில் நின்றாள். தலைமைப் பொறியாளர் தொண்டையைக் கனைத்தார். "மக்கள் நலனே வாரியத்தின் மூச்சு. வதந்திகளை நம்பாதீங்க. அம்மா, தண்ணி கொண்டாங்க!"

மனைவி தட்டில் இரண்டு கண்ணாடி டம்ளர்களோடு வந்தாள். தண்ணீரில் இளம் தேயிலை நிறம் லேசாகத் தெரிந்தது. தலைமைப் பொறியாளர் அதை உயர்த்திக் காட்டினார். "இந்த நிறம் இருக்கே, இதுதான் தாதுச்சத்து!" என்று சொல்லி மடக்மடக்கென்று குடித்தார். "ஆகா! என்ன சுவை! நம்ம வாரியத்துத் தண்ணிக்கு ஈடே கிடையாது!"

அடுத்தது உகந்தது சாரின் முறை. டம்ளர் உதடு வரை போனது, உதடு திறக்கவில்லை. கண் முன்னால் கரும்பச்சை வந்து நின்றது. மல்லாந்த ஏழு பேரும் வந்து நின்றார்கள். குடித்தால் வயிறு போகும், குடிக்காவிட்டால் வேலை போகும்.

"குடிங்க, உகந்தது" என்றார் தலைமைப் பொறியாளர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பயப்படாமக் குடிங்க" என்றாள் மனைவி, கூடத்துக்கே கேட்கும்படி. "குழாய்த் தண்ணி இல்ல. தொட்டியில மொண்டது. வேர்க்கட்ட ஊறின நிறம்தான் அது."

தலைமைப் பொறியாளருக்குப் புரையேறியது. "நான்... நான் குடிச்சதும்?"

"அதேதான் சார். வீட்டுக்கு வந்தவங்களுக்குப் போய்க் குழாய்த் தண்ணியக் குடுப்போமா?"

உகந்தது சாரோ அதற்குள் டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்திருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பதினாறு வீட்டு ஆட்களும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பணியில் சேர்ந்த நாள் முதல் அன்றுதான் அவர் ஒரு குடிநீர் ஆய்வின் உண்மையான முடிவைப் பொதுமக்களுக்கு வெளியிட்டிருந்தார்.