ரொவீனாவுக்கு ஒரு பந்தயப் படகு

அறுபது வயசு ஆவதற்குள் எங்கள் ஊர் மிங் ஏரியில் ஒரே ஒரு தடவை கால் மைல் படகுப் பந்தயம் ஓட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தது நான் என்பதால் ரொவீனாவிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் என் முடிவுகளுக்கு ஆயுசு கம்மி. அவள் காதில் விழுந்தால் அன்றைக்கே காரியம் பண்ணிவிடுவாள்.

படகு இருந்தது. படகு என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். கராஜுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது வெறும் ஃபைபர் ஓடு. எழுபத்து நாலாம் வருஷம் அதை வாங்கியபோது உடம்பெல்லாம் பச்சை மினுமினுப்பு. ஒவ்வொரு கோடையிலும் கொலராடோ ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போவோம். நான் ஓட்டுவேன். பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலில் பலகை மாட்டிக்கொண்டு, ரொவீனா தண்ணீர்மேல் சறுக்கி வருவாள். அடடா, என்ன நாட்கள் அவை! அப்புறம் கல்யாணம், ரெண்டு பெண்கள், எண்ணெய்க் கிணற்று வேலை. இன்ஜினை விற்றுத்தான் பெரியவளுக்குத் தொட்டில் வாங்கினோம். படகை மட்டும் விற்க எனக்கு மனசு வரவில்லை.

"ரொவீனா, அந்தப் பழைய படகைத் தூக்கி எச்சவெரி கொட்டகையில போட்டுடறேன். கொல்லை சுத்தமாகும்" என்றேன்.

"இப்பவாவது புத்தி வந்துச்சே!" என்றாள்.

எச்சவெரி பக்கத்து வீட்டுக்காரன். மலைநாட்டிலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் இனக் குடும்பம். ஆடுகள் போய்விட்டன, கொட்டகை இருக்கிறது. கொட்டகை சும்மா கிடக்கிறதே என்று அவனுக்கும் குறை. கூட்டுக் களவாணியாகச் சம்மதித்தான்.

"உன் பொண்டாட்டி கேட்டா என்னய்யா சொல்றது?"

"உன் வேலியைச் சரி பண்றோம்னு சொல்லு."

"ஆடே இல்ல, எதுக்குடா வேலி?"

"அவ அவ்வளவு யோசிக்க மாட்டா."

இந்த ஒரு வரியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அழுகையும் வருகிறது.

படகின் தரையைப் பெயர்த்தோம். அடியில் ஓடும் மரச்சட்டமெல்லாம் ஊறிப்போன ரொட்டி மாதிரி கையோடு வந்தது. சட்டத்துக்கு நடுவில் வேர்க்கடலைத் தோல், சோடா மூடி, அப்புறம் ஒரு வெள்ளை ஃபிரேம் கூலிங் கிளாஸ். ரொவீனாவுடையது! ஆற்றில் விழுந்துவிட்டது என்று அன்றைக்கு முழுக்க என்னோடு பேசாமல் இருந்தாளே, அதேதான். அதைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எச்சவெரி பார்க்காததுபோல் ஒயினை ஊற்றிக்கொண்டான்.

புதுச் சட்டம் வைத்தோம். மேலே ஃபைபர் துணி விரித்து ரெசின் என்கிற பிசினைப் பூசினோம். காய்ந்ததும் தேய்ப்பு. உப்புத்தாள் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தோம். நடுவில் எப்போதோ அடித்த சாம்பல் பெயிண்டுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய பச்சை எட்டிப் பார்த்தபோது எனக்கு இருபது வயசு குறைந்தது. உடம்பில் அரிப்பு மட்டும் நாற்பது வயசு கூடியது. ஃபைபர் தூசி கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும்.

தடயம் இருக்கக் கூடாது அல்லவா? ஒரு சனிக்கிழமை, ரொவீனா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வேலை செய்த உடுப்பை நானே வாஷிங் மெஷினில் போட்டேன். என்ன சாமர்த்தியம்! அதற்கடுத்து அதே மெஷினில் ரொவீனா தன் உள்ளாடைகளைப் போட்டாள்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் முதல் பாட்டு முடிவதற்குள் ரொவீனா தோளைச் சொறிந்தாள். இரண்டாவது பாட்டில் முதுகைச் சொறிந்தாள். பிரசங்கத்தின்போது அவள் நெளிந்த நெளிப்பைப் பார்த்து, பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று பின் வரிசையில் ஒருவர் அல்லேலூயா சொன்னார். வெளியே கார்கள் நிற்கும் இடத்துக்கு வந்ததும் என்னை வழிமறித்தாள்.

"டெல்மர், இது ஃபைபர் அரிப்பு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"உன்கூட ஒரு காலத்துல படகுல சுத்துனவதானே நான்? எச்சவெரி வேலி என்ன ஃபைபரா?"

மாட்டிக்கொண்டேன். வாய் தானாக உளறியது. "அது வந்து… நம்ம பழைய படகை… உனக்காகத்தான் ரொவீனா! கல்யாண நாளுக்குப் பரிசு. சொல்லாம செஞ்சு உன்னை அசத்தலாம்னு பார்த்தேன்."

"எனக்கா?"

"உனக்கேதான்."

"முழுசா எனக்கா? சர்ச் வாசல்ல நின்னு சொல்றே."

"முழுசா உனக்குத்தான்!"

பின்னால் பாஸ்டர் மனைவி மிஸஸ் கிளாட்னி நின்றுகொண்டிருந்தாள். "ஐயோ, எவ்வளவு அருமையான மனுஷர் நீங்க, டெல்மர்!" என்று கையைத் தட்டினாள். ஐந்து நிமிஷத்தில் சபை முழுக்கச் செய்தி. கணவன்மார்கள் என்னைக் கொலைவெறியோடு பார்த்தார்கள்.

மறுநாளிலிருந்து ரொவீனா கொட்டகைக்கு வர ஆரம்பித்தாள்.

"என் படகு எப்படி இருக்கு?" என்பாள். 'என்' என்பதில் ஓர் அழுத்தம்.

"நல்லா இருக்கு கண்ணு."

"ஒரே ஒரு சீட்டுதான் வைக்கிறியா?"

"பாரம் குறையணுமில்ல? பந்தயத்துக்குன்னா…" நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பந்தயமா?"

"சும்மா, ஒரே ஒரு ஓட்டம். பரிசைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஓட்டிப் பார்க்க வேணாமா?"

"ஓஹோ" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நானும் தப்பித்தோம் என்றிருந்தேன். பெண்டாட்டி 'ஓஹோ' என்று நிறுத்திக்கொண்டால் அது தப்பித்தல் இல்லை என்பது முப்பத்தைந்து வருஷத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சீட் வைக்கும் நாள் வந்தது. பந்தயப் படகில் சீட்டைக் கடையில் வாங்கி மாட்டினால் உதவாது. ரெண்டு திரவத்தைக் கலந்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் ஊற்ற வேண்டும். அது நுரைத்துப் பொங்கும். ஓட்டுகிறவன் அதன்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அவன் முதுகும் இடுப்பும் எப்படியோ அப்படியே இறுகிக்கொள்ளும். நான் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தயாராக நின்றேன். எச்சவெரி கலக்க ஆரம்பித்தான். ரொவீனா உள்ளே வந்தாள்.

"நகரு டெல்மர். படகு யாருது?"

"உன்னுதுதான். ஆனா…"

"அப்ப அதுல உக்கார வேண்டியது யாரு?"

"சீக்கிரம் சொல்லுங்கப்பா, நுரை பொங்குது!" என்று எச்சவெரி கத்தினான்.

ரொவீனா ஏறி உட்கார்ந்துவிட்டாள். ராணி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு.

"எவ்வளவு இதமா இருக்கு தெரியுமா?" என்றாள். "இந்தப் படகுக்குள்ள உக்காந்ததைவிட பின்னால தொங்கிட்டு வந்ததுதான் அதிகம். உன் முகத்தைவிட உன் பின்னந்தலைதான் எனக்கு நல்லா ஞாபகமிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். நுரைதானே, பந்தயத்துக்கு முன்னால் செதுக்கி எடுத்துவிட்டு எனக்கென்று வேறு ஊற்றிக்கொள்ளலாம். அந்த வாரக் கடைசியில் உளியோடு போனேன். உளி 'ணங்' என்றது.

"என்னய்யா பண்ணினே?"

"ரொவீனாதான் மேல ஃபைபர் போடச் சொன்னா" என்றான் எச்சவெரி. "நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே மூணு அடுக்கு. கல்லு மாதிரி நிக்குது பார்!" பெருமை வேறு.

போனால் போகிறது, கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்து ஓட்டிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பந்தய நாள். மிங் ஏரிக்கரையில் வெயில், பெட்ரோல் வாசனை, வறுத்த சோரிசோ சாசேஜ் வாசனை. எச்சவெரியின் பழைய லாரி இன்ஜின் எங்கள் படகில் உறுமியது. வெயிலில் அந்தப் பச்சை மின்னியது பாருங்கள், எழுபத்து நாலு அப்படியே திரும்பி வந்து நின்றது. ஹெல்மெட்டோடு சோதனை அதிகாரியிடம் போனேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"வாங்க ரொவீனா! இன்னிக்குச் சொந்தப் படகா?"

நான் திரும்பினேன். ரொவீனா பந்தய மிதவைச் சட்டையில் நின்றாள்.

"இவளை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ன சார், புதன்கிழமைதோறும் வந்து பழகினாங்களே? எங்க முன்னாடி ஓட்டிக் காட்டுற ஓட்டமெல்லாம் முடிச்சு போன வாரமே லைசென்ஸ் வாங்கிட்டாங்க. உங்க மிஸஸா? குடுத்து வச்சவர் சார் நீங்க."

புதன்கிழமை! சர்ச்சில் பாட்டுப் பயிற்சி என்று போவாளே! எச்சவெரி மும்முரமாக வானத்தைப் பார்த்தான். அவன் தம்பியிடம் ஒரு படகு இருப்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"ரொவீனா, எனக்கு ஒரே ஒரு ஓட்டம். அதுக்குத்தானே இவ்வளவும்!" கெஞ்சினேன். ஊரே பார்க்கிறதே என்ற வெட்கமெல்லாம் போய்விட்டது.

"நான் வேணாம்னா சொன்னேன்? உக்காரு. அவங்க முன்னாடி மெதுவா ரெண்டு ஓட்டம் ஓட்டிக் காட்டு. லைசென்ஸ் தந்துடுவாங்க."

உட்கார்ந்தேன். பாதிதான் உட்கார முடிந்தது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. ரொவீனாவின் இடுப்புக்கென்று இறுகிய கல்லில் என் இடுப்பு மாட்டிக்கொண்டது. முன்பின் தெரியாத நாலு பேர் "ஏலேலோ" போடாத குறையாக இழுத்து என்னைக் கரையேற்றினார்கள்.

ரொவீனா ஏறினாள். சரக்கென்று பொருந்தினாள். சட்டைப்பையிலிருந்த அந்த வெள்ளை ஃபிரேம் கண்ணாடியை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். கண் கலங்கியது. "ஆத்துல விழலையா இது?" என்று சொல்லி என் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்தாள். கண்ணாடியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினாள்.

பச்சை விளக்கு. இன்ஜின் அலறியது. படகுக்குப் பின்னால் தண்ணீர் ஆளுயரத்துக்குமேல் எழும்பியது. அந்தத் தண்ணீருக்குள் இருபது வயசு ரொவீனாதான் தெரிந்தாள், கூந்தல் பறக்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு. எதிராளியைவிட ஒரு படகு நீளம் முன்னால் முடித்தாள். நான் அழுதேன். சந்தோஷத்தில் பாதி, வயிற்றெரிச்சலில் பாதி.

திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கியது.

"டெல்மர், அந்தக் காலத்துல நீ ஏன் ஒரு தடவைகூட ஸ்டியரிங்கை என் கையில குடுக்கலைன்னு இப்பதான் புரியுது."

என் நெஞ்சு உருகிவிட்டது. "புரிஞ்சுதா கண்ணு? அப்ப சீட்டைப் பெயர்த்துட்டு அடுத்த தடவை நான் ஓட்டட்டுமா?"

"ம்ஹூம்" என்றாள். "நானும் குடுக்க மாட்டேன்."