தம்பிக்கு, ‘மூடு’ பொத்தான் விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். நேற்று மாலையிலிருந்து மிகவும் நலம். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போக அப்படித் தோன்றாது. போனில் பேசியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ குறுக்கே வந்து நிற்பாய், உன் பெட்டிகளைப் போல.

நம் காது மெஷின் கடைக்கு நீ காசு வாங்காமல் புது இணையதளம் செய்து கொடுத்தது பெரிய உதவி, மறுக்கவில்லை. பழைய தளத்தில் கடையின் முகவரியே தப்பு. ஆனால் “பக்கம் சும்மா கெடந்தா யாரும் நிக்க மாட்டாங்கக்கா, நாலு பாப்-அப் பெட்டி குதிச்சு வந்தாத்தான் வர்றவங்களுக்கு ஒரு ஈடுபாடு இருக்கும்” என்றாயே, அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்தது. நான் புள்ளியியல் படித்தவள். யாராவது ஈடுபாடு என்று சொன்னால் எதை எண்ணிப் பார்த்தார்கள் என்று கேட்பது என் பழக்கம். கேட்டேன். “பெட்டி மேல எத்தனை பேர் கிளிக் பண்றாங்கன்னுதான்” என்றாய். எரிச்சலோடு மூடுவதற்காகத் தட்டினாலும் அது கிளிக்தானே என்றேன். நீ என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாய்.

முழங்கால் பரவாயில்லை. பெட்டிகளின் கதையைக் கேள். முதல் பெட்டி, பக்கம் முழுதாகத் திறப்பதற்குள் முன்னால் வந்து ‘எங்கள் சேவை எப்படி இருந்தது?’ என்று கேட்டது, வாசற்படியில் கால் வைத்தவனிடம் சாப்பாடு எப்படி என்று கேட்பது மாதிரி; இரண்டாவது மணி அடித்துக்கொண்டு வந்தது, அந்த மணி காதில் மெஷின் போட்டவர்களுக்கு மண்டைக்குள்ளேயே அடித்தது என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள், கடைக் கணினியில் அது ஒலிக்கும்போதெல்லாம் உன் அத்தான் ஆள் வந்துவிட்டார் என்று எழுந்து போய்க் கதவைத் திறந்து காற்றை வரவேற்றார்; மூன்றாவது, கிளம்பப் போகிறவரை மறித்து, பெரிய பச்சைப் பொத்தானில் ‘சலுகை வேண்டும்’ என்றும், அதற்குக் கீழே எறும்பு அளவு எழுத்தில் ‘வேண்டாம், எனக்குக் காது கேட்காமல் இருப்பதே பிடிக்கும்’ என்றும் போட்டிருந்தது. அதைப் பார்த்த பெரியவர் ஒருவர் நேரே கடைக்கே வந்துவிட்டார்.

“எனக்குப் பிடிக்குதுன்னு உங்ககிட்ட யாருய்யா சொன்னது?”

உன் அத்தான் குழப்பத்தில் “என்ன சார்?” என்றார்.

“காது கேக்கலையா? அப்ப மொதல்ல நீங்க ஒண்ணு மாட்டிக்கங்க!”

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். நான்காவது பெட்டிதான் எங்களைத் தெருவுக்குக் கொண்டுவரப் பார்த்தது. எதிர்ச்சாரியில் கண்ணாடியும் குளிருமாக ஒரு பெரிய கடை வந்த பிறகு நம் கடைக்கு வரவு குறைந்துபோனது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, முதியோர் இல்லத்து ஆர்டர் ஒன்றைத்தான் அத்தான் மலைபோல் நம்பியிருந்தார் என்பது. அங்கே இருக்கிற எல்லாருக்கும் நம்மிடமே வாங்குவதாகப் பேச்சு. அது கைவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். அந்த இல்லத்தை நடத்தும் அம்மாள், பெரியவர்கள் தாங்களே பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும் என்று எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, பெரிய டிவியில் நம் பக்கத்தைத் திறந்திருக்கிறார். திரை முழுக்க உன் பெட்டி. மேலே ‘காது கேட்கவில்லையா?’ என்று கொட்டை எழுத்தில். கீழே ஒற்றைப் பொத்தான்: ‘மூடு’.

போன் வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

“சார், எங்க பெரியவங்க எல்லாம் வரிசையா உக்காந்திருக்காங்க. அவங்களப் பாத்து ‘காது கேக்கலையா, மூடு’ன்னு போட்டிருக்கீங்களே, இது நியாயமா?”

“ஐயோ, இல்ல மேடம். அது மூடறதுக்காகப் போட்டது.”

“யாரு மூடணும்?”

“நீங்கதான் மேடம் மூடணும்.”

அதோடு போன் வைக்கப்பட்டது. உன் அத்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, தான் சொன்னதைத் தானே ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய்? “மரியாதை கொறஞ்சிடுச்சுக்கா, அவ்ளோதான்” என்று ‘மூடுங்கள்’ ஆக்கினாய். மரியாதையாகத் திட்டுவது போல இருக்கிறது என்றேன். ‘தயவுசெய்து மூடுங்கள்’ ஆக்கினாய். இப்போது அது கெஞ்சித் திட்டியது.

அதற்கு மேல் உன்னை நம்பாமல், நீ கொடுத்த கடவுச்சொல்லை வைத்து நானே உள்ளே நுழைந்து நான்கு பெட்டிகளையும் எடுத்துவிட்டேன். பிறகு கடைக்குப் போய்க் காத்திருப்போர் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, வருகிறவர்கள் போனை எப்படிப் பார்க்கிறார்கள் என்று பார்த்தேன். மூக்கருகே கொண்டுவருகிறார்கள், கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறார்கள், பிறகு பக்கத்திலிருப்பவரிடம் நீட்டிவிடுகிறார்கள். நம் கடைக்கு வருகிற வயதில் காது மட்டுமா மங்கும்? அதனால் ஒரே ஒரு பெட்டி செய்தேன். வந்தவர் கொஞ்ச நேரம் படித்த பிறகுதான் வரும். எதையும் மறைக்காமல் கீழே ஓரமாக நிற்கும். ‘எழுத்து சின்னதாக இருக்கிறதா?’ என்று கேட்கும். இரண்டு பொத்தான்கள்: ‘பெரிதாக்கு’, ‘இருக்கட்டும்’. இருக்கட்டும் என்றவரை மறுபடி தொந்தரவு செய்யாது. நம் வீட்டில் யாராவது இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னால் நாம் ‘மூடு’ என்றா சொல்கிறோம்? கையைக் காட்டி இருக்கட்டும் என்போம். யாருக்கும் மனம் கோணாது.

நேற்று மாலை அந்த அம்மாளே கூப்பிட்டார். ஆர்டர் நமக்குத்தான். எல்லாருக்கும் பரிசோதனை, எல்லாருக்கும் கருவி. உன் அத்தான் போனை வைத்துவிட்டு, கடையின் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, காரணமே இல்லாமல் அலமாரிகளைத் துடைக்க ஆரம்பித்தார். பல மாதமாக எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. ஆகவே நான் படித்த படிப்பின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: வந்தவருக்கு வேண்டியதை, வேண்டிய நேரத்தில், ஒரே முறை கேட்டால் போதும். அவர் தானாக நிற்பார். கடையைக் காப்பாற்றியது என் பெட்டி. இனி நீ நம் தளத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடக்கூடாது.

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தங்கள். நீங்கள் எல்லாரும் நோய்நொடியில்லாமல், குறுக்கீடுகளும் இல்லாமல், நீண்ட காலம் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் நன்மையை விரும்பும் அக்கா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் இல்லத்து அம்மாள் ஆர்டரில் கையெழுத்துப் போட வந்தார். எழுத்தெல்லாம் படிக்க வசதியாக இருந்ததா என்று கேட்டேன். “வெப்சைட்டா? அன்னைக்கு அப்புறம் நான் அந்தப் பக்கமே போகலையே” என்றார். அன்று அவர் கோபமாகப் போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அந்தப் பெட்டியைப் பார்த்துக் கூடமே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்ததாம். அன்றிலிருந்து அங்கே யார் வாயைத் திறந்தாலும் இன்னொருவர் “காது கேக்கலையா? மூடு” என்கிறாராம். மெஷின் மாட்டவே மாட்டேன் என்று வருஷக்கணக்காகப் பிடிவாதம் பிடித்த, ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர், எல்லாரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தே ஆக வேண்டும், எனக்கும் ஒன்று மாட்டு என்று அடம்பிடித்திருக்கிறார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்களாம். “பெரியவங்க எல்லாம் பாக்க வர்ற புள்ளைங்களுக்குக் காட்டலாம்னு தேடுறாங்க, அந்தப் பெட்டி வரவே மாட்டேங்குதாம். எங்கம்மா போச்சு அது?” என்றார் அந்த அம்மாள். உன் அத்தான் என்னைப் பார்த்தார். நான் அதை அடியோடு அழித்துவிட்டேன். உன்னிடம் பிரதி இருந்தால் அனுப்பு. மணி வேண்டாம். இதைப் பற்றிப் போனில் ஒரு வார்த்தை பேசாதே. பேசினால் என்ன பதில் வரும் என்று உனக்கே தெரியும்.