பறிபோன அரண்மனையும் கடற்பக்க அறையும்

"வாசிச்சு முடிச்சாச்சோ, இல்லையோ?" என்று இராஜநாயகம் கேட்டபோது, ஹியூபேட்டின் பெட்டி இன்னும் வாசலில்தான் இருந்தது.

வெள்ளவத்தையில், வேலைக்குக் கிட்ட, கடற்காற்று வரும் அறை. மட்டக்குளியிலிருந்து பம்பலப்பிட்டிக் கந்தோருக்குத் தினமும் வேலைக்கு பஸ்ஸில் தொங்கித் தொங்கி ஹியூபேட்டின் வலக்கை ஒரு சாண் நீண்டுவிட்டது. அறையைத் தர இராஜநாயகம் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று. அவர் எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்த சரித்திர நாவலை வாசித்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும்.

அரண்மனையைத் தங்கையிடம் பறிகொடுத்த மன்னனின் கதை அது. முதல் பக்கத்தில் அழத் தொடங்கிய மன்னன் 'முற்றும்' வரை மூக்குச் சிந்தக்கூட நிறுத்தவில்லை.

"அருமையான நாவல் ஐயா. மன்னர்தான் கொஞ்சம் கூடுதலா அழுறார்."

"அரண்மனை போனவன் சிரிக்கிறதோ?"

மேசையில் கிடந்த அறைச் சாவி இராஜநாயகத்தின் சட்டைப் பைக்குள் போனது.

ஹியூபேட் பதறிப்போனான். "அப்பிடியில்லை ஐயா. அவ்வளவு பெரிய வீரன், வாளை எடுத்திருக்கலாம் எண்டு சொல்ல வந்தனான்."

"அப்ப அவன் கோழை எண்டுறீர்?"

"ஐயோ, இல்லை!" இனி மன்னனைத் தொடவே கூடாது என்று ஹியூபேட்டுக்கு விளங்கிவிட்டது. "எல்லாம் அந்தத் தங்கச்சிக்காரியால வந்த வினை. அப்பிடி ஒரு பேராசைக்காரியை நான் எங்கயும் கண்டதில்லை."

இராஜநாயகத்தின் முகம் மலர்ந்தது. "சொல்லும், சொல்லும்."

பக்கத்துச் சாப்பாட்டு மேசையில் ஓர் அம்மா நெத்தலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். முதல்நாள் அறை பார்க்க வந்த ஹியூபேட்டுக்குத் தேத்தண்ணி தந்தவர். சமையலுக்கு நிற்பவராக்கும் என்று அவன் நினைத்திருந்தான்.

"அண்ணனைத் தெருவில விட்டிட்டுச் சிம்மாசனத்தில ஏறி இருக்கிறாளே, வெக்கமில்லையோ?"

ஒரு நெத்தலித் தலை பறந்தது.

"அவளின்ர புருசன் அதைவிட மோசம். வாயில்லாப் பூச்சி!"

இன்னொரு தலை பறந்தது. சாவி சட்டைப் பையிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. அத்தோடு ஹியூபேட் வாயை மூடியிருக்கலாம்.

"ஒண்டு மட்டும் விளங்கேல்லை ஐயா. படையும் வரேல்லை, சண்டையும் நடக்கேல்லை. பிறகு எப்பிடி அரண்மனை அவளின்ர கைக்குப் போனது?"

"சதி!" என்றார் இராஜநாயகம், குரல் தழுதழுக்க.

"அதுதானே! அப்பிடிப்பட்டவளை அண்டைக்கே நாடு கடத்தியிருக்க வேணும்."

அந்த அம்மா எழுந்தார். கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் ஆற அமரத் துடைத்தார். நேரே வந்து இராஜநாயகத்தின் பையிலிருந்து சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகினார். மன்னரை எழுதியவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சதியில்லைத் தம்பி, சீதனம். இது அப்பா எனக்கு எழுதித்தந்த வீடு, அண்ணன் பின்னறையில வாடகையில்லாம இருக்கிறார். நாடு கடத்துறதெண்டா, உம்மட பெட்டிதான் ஏற்கெனவே வாசலில நிக்குது."